கொங்கிறீற்று வளைவுகளும் மராமத்து மரபும்

பாலங்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் திறப்பு விழாக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்தத் தேசாதிபதியின் ஆட்சியில், என்ன செலவில் ஒரு பாலம் கட்டப்பட்டது என்பதைப் பெயர்க்கல்லும் நிருவாக அறிக்கையும் கூறிவிடுகின்றன. பெயர்க்கல் நாட்டிய மறுநாள் தொடங்கி அப்பாலத்திற்கு நேர்ந்தது யாது, அதன் வெடிப்புகளை அடைத்தவர் யாவர், அடைக்காது விட்டவர் யாவர் என்று வரலாற்று மாணவர் கேட்பது அரிது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் பல பாகங்களிலும் எழுந்த கொங்கிறீற்று வளைவுப் பாலங்கள் இன்று ஒருங்கே முதுமை எய்தியுள்ளன. அவற்றைப் பழுதுபார்ப்பதா, இடித்துவிட்டுப் புதியன கட்டுவதா என்பதைப் பொறியியலாளர்க்குரிய கேள்வியென நாம் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஒரு சமுதாயம் எதனைத் தன்னுடையதெனக் கருதிப் பேணுகிறது, எதனை அரசினுடையதெனக் கருதிக் கைவிடுகிறது என்பதும் அக்கேள்விக்குள் அடங்கியுள்ளது.

இக்கேள்வியை வட்டக்கச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு. கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, கனகராயன் ஆற்றை அடுத்துக் கிடக்கும் இவ்வூர் இரணைமடுக் குளத்தின் பிள்ளையாகும். ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் திட்டமிட்ட இக்குளத்தின் வேலைகள் 1902இல் தொடங்கின. வேலையாட்கள் தங்கிய இடம் கிளிநொச்சி நகரமாக வளர்ந்தது. பின்னர் குளக்கட்டு உயர்த்தப்பட்டு, கொள்ளளவு பெருக்கப்பட்டு, குடியேற்றத் திட்டங்கள் விரிவடைந்தன. இங்கு குளத்தின் பராமரிப்பு எக்காலத்தும் அரசின் தனி அலுவலாக இருந்ததில்லை. காலபோக விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவு செய்யப்படவேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எந்த நாளில் துருசு திறப்பது, எத்தனை ஏக்கருக்குச் சிறுபோக நீர் கொடுப்பது என்பன பேசித் தீர்மானிக்கப்படவேண்டும். தன் பங்கு வாய்க்காலை வெட்டாத கமக்காரன் அடுத்த வயல்காரனின் வாயிலிருந்து தப்புவதில்லை. வட்டவிதானை என்ற பதவி வழக்கொழிந்து கமக்காரர் அமைப்புகள் தோன்றிய பின்னரும் இம்முறையின் உயிர் போய்விடவில்லை.

அதே வாய்க்காலின் மேலே வீதி கடந்து செல்லும் மதகை (ஊர்வழக்கில் ‘மதவு’) எடுத்துக்கொள்வோம். மாலையில் இளைஞர் அமர்ந்து ஊர்க்கதை பேசும் இடம் அது. அதன் கீழ்ப்புறத்தில் சீமெந்து உதிர்ந்து கம்பி வெளித்தெரிவதை அனைவரும் காண்கின்றனர். அதைத் தம் வேலையெனக் கருதுவார் எவருமிலர். கீழே ஓடும் நீர் ஊருடையது, மேலே போகும் வீதி அரசினுடையது. ஒரே இடத்தில் இரண்டு அடி உயர வேறுபாட்டில் இரு வேறு மனோபாவங்கள் நிலவுவது எவ்வாறு?

இதற்கான விடையை மக்களின் சோம்பலில் தேடுதல் வரலாற்றறிவாகாது. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையொட்டி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆனால் குளங்களைத் திருத்துவதற்கு இருந்த வழமையான கூட்டுழைப்பும் அதனுடன் சேர்ந்து தளர்ந்தது. கைவிடப்பட்ட குளங்களின் நிலைமை அடுத்து வந்த தேசாதிபதிகளின் கவனத்தை ஈர்த்தது. 1856இல் ஹென்றி வார்ட் தேசாதிபதியாயிருந்தபோது இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயற்செய்கைக்குரிய பழைய ஊர்வழமைகளுக்குச் சட்டத்தின் துணையை மீண்டும் அளித்தது. சென்னை மாகாணத்திலும் குடிமராமத்து எனப்பட்ட மரபைச் சட்டத்தின் துணைகொண்டு நிலைநிறுத்த 1858இல் முயற்சி நிகழ்ந்தது. ஆங்கிலேயன் கலைத்துவிட்டு மீண்டும் கூட்ட முனைந்தான் எனலாம். எனினும் குளத்தைப் பொறுத்தவரை கூட்டுவதற்கு ஒரு மரபு எஞ்சியிருந்தது.

வீதிக்கோ அத்தகைய மரபு இருக்கவில்லை. தொறிங்ரன் பிரபுவின் ஆட்சியில் 1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதிகளில் வேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடான பணத்தைச் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு அக்காலத்துப் புதிய வரிகள் காரணமாயிருந்தமையை வரலாற்றாசிரியர் சுட்டியுள்ளனர். ஆகவே வாய்க்காலில் மண்வெட்டி பிடித்தவன் தன் வயலுக்காகப் பிடித்தான். வீதியில் பிடித்தவன் தண்டனைக்கு அஞ்சிப் பிடித்தான். பிற்காலத்தில் பொதுவேலைப் பகுதியும், அதன் பின் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் அவ்வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது மக்கள் நிம்மதியடைந்ததில் வியப்பில்லை. வீதியும் பாலமும் தம்முடையன என்ற எண்ணம் வேரூன்றுவதற்கு வாய்ப்பும் அத்துடன் அற்றுப்போயிற்று.

இத்தகைய சூழலிலேதான் கொங்கிறீற்று இந்நாட்டிற்குள் நுழைந்தது. அது தன்னுடன் ஒரு நம்பிக்கையையும் கொண்டுவந்தது. மரப்பாலம் உளுத்துப்போகும், இரும்புப் பாலம் துருப்பிடிக்கும், ஆகவே அவற்றிற்கு வண்ணம் பூசவும் ஆணி முடுக்கவும் ஆள் வேண்டும். கொங்கிறீற்றோ மனிதன் வார்த்த கல். கல்லுக்கு மராமத்து எதற்கு? உலகெங்கும் பொறியியலாளரும் அரசாங்கங்களும் ஒரு தலைமுறைக் காலம் ஏறக்குறைய இவ்வாறே எண்ணினர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியபின், வடபகுதிக்கு இக்கல் சொந்த மண்ணின் சுண்ணக்கல்லிலிருந்தே கிடைக்கலாயிற்று. 1990இல் அத்தொழிற்சாலை மூடப்படும்வரை அதன் புகைபோக்கிகள் முன்னேற்றத்தின் சின்னங்களாகவே கருதப்பட்டன.

இந்நம்பிக்கை எந்த அளவிற்குச் சரியானது என்பதை உணர, வளைவின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். வளைவின் மீது ஏற்றப்படும் பாரம் அதன் முதுகு வழியே இருபுறமும் இறங்கிக் கரைத்தாங்கிகளில் சென்று சேர்கிறது. சரியாக அமைந்த வளைவின் எல்லாப் பகுதிகளும் நெருக்குண்டு நிற்கின்றன, எப்பகுதியும் இழுபடுவதில்லை. கொங்கிறீற்று நெருக்கத்தைத் தாங்குவதில் வலியது. இழுப்பைத் தாங்குவதில் மிக எளியது. எனவே வளைவும் கொங்கிறீற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. உரோமரின் பாந்தியன் கோயிற் கவிமாடம் ஓர் இரும்புக் கம்பியுமின்றி ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக நிற்பதன் இரகசியமும் இதுவே.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். மலையகப் புகையிரதப் பாதை பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் அடைந்தது. அவ்விறுதிப் பகுதியில் அமைந்த இப்பாலம் 1921இல் முடிவுற்றது. ஒவ்வொன்றும் 30 அடி அகலமான ஒன்பது கண்கள். ஏறத்தாழ 300 அடி நீளம். பாதையோ நேராகச் செல்லாது வளைந்து செல்கிறது. கீழே நின்று அண்ணாந்து நோக்கினால் ஒவ்வொரு கண்ணினூடாகவும் ஒரு வானம் தெரிவதால் சிங்கள மக்கள் இதனை ‘ஒன்பது வானப் பாலம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். பாலங்களுக்கு இடப்பட்ட பெயர்களுள் இதனினும் அழகியது ஒன்றை இக்கட்டுரையாளன் அறியான்.

இப்பாலத்தைப் பற்றி வழங்கும் கதை பலரும் அறிந்தது. முதலாம் உலக யுத்தம் மூண்டதால் பாலத்திற்கென ஒதுக்கிய உருக்கு யுத்தத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டது, வெள்ளைக்காரர் கைவிரித்தனர், அப்புகாமி என்ற உள்ளூர்க்காரர் முன்வந்து, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு மிகக் குறைந்த செலவில் கட்டி முடித்தார் என்பது அக்கதை. மறுபுறத்தில், இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையொன்று இதனை ‘கொங்கிறீற்றுப் புகையிரதப் பாலம்’ என்றே தலைப்பிட்டு வரைபடங்களுடன் விவரிக்கிறது. வடிவமைப்பாளராகப் புகையிரதப் பகுதியைச் சேர்ந்த ஹரோல்ட் கத்பெட் மார்வுட் என்பவரின் பெயர் கூறப்படுகிறது.

கதை பொய், அறிக்கை மெய் என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது போதாது. உருக்கின்மைக்குக் கதை ஒரு காரணம் கற்பிக்கிறது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. இரும்பு உத்தரங்களால் ஆன பாலங்களையே புகையிரதத்துடன் இணைத்துக் கண்ட மக்களுக்கு, இரும்பில்லாப் பாலம் ஒரு குறைபாட்டின் விளைவாகவே தோன்றியிருத்தல் கூடும். உண்மையில் கம்பியில்லாக் கொங்கிறீற்று வளைவு அக்காலத்தில் வறுமையின் அடையாளமன்று. ஸ்கொத்லாந்தில் கிளென்பினன் என்னுமிடத்தில் 21 கண்களுடன் 1897க்கும் 1901க்கும் இடையில் எழுந்த பாலம் இவ்வகையைச் சார்ந்ததே. அதனைக் கட்டிய றொபட் மக்கல்பைன் என்பாருக்குக் ‘கொங்கிறீற்று பொப்’ என்ற பட்டப்பெயரே வழங்கிற்று. யுத்தத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இரும்பு மலிந்த நாட்டிலேயே, இரும்பை வேண்டாமென விட்டுக் கட்டினர். ஆகவே தெமோதரையில் உருக்கு வராமற் போனது உண்மையாயினும், அதன்றி வேறு வழியில்லாமலே வளைவு எழுந்தது என்று கொள்ளவேண்டிய அவசியம் இல்லை.

கட்டியவர் அப்புகாமியா மார்வுட்டா என்ற வழக்கு ஓயாது நடைபெறுகிறது. இருவருக்கும் கீழே கல் சுமந்தோர் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகக்கூட இல்லை. அதற்குப் பின் வந்த நூறாண்டுகளில் அதனைப் பேணியோரைப் பற்றியோ கதையுமில்லை, வழக்குமில்லை. கம்பியில்லா வளைவுக்குத் துரு பகையன்று, நீரே பகை. தண்டவாளத்தின் கீழ்ச் சல்லியினூடாக இறங்கும் மழைநீர் வெளியேறும் துளைகள் அடைபட்டால், நீர் வளைவினுள் ஊறிச் சுண்ணத்தைக் கரைத்து வெண்கோடுகளாக வடியும். வெடிப்பில் பறவை எச்சமிட்ட ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேரோடினால் அது பிளவை அகட்டும். எனவே துளையைக் குத்தித் திறப்பதும் கன்றைப் பிடுங்குவதுமே இத்தகைய பாலத்தின் மராமத்து. குளக்கட்டில் மரம் வளரவிடாது வெட்டுவதும், புற்றைத் தோண்டி இறுக்குவதும் அறிந்த வன்னிக் கமக்காரனுக்கு இவ்வேலை அந்நியமானதன்று. சிறிய வேலை, காலந்தவறாது செய்யப்படவேண்டிய வேலை, எந்தப் பெயர்க்கல்லிலும் பொறிக்கப்படாத வேலை.

கொங்கிறீற்றைக் கல்லெனக் கருதியது பிழை என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் பிரெஞ்சுப் பொறியியலாளர் இயூஜீன் பிரெசினே முதன்மையானவர். அலியே ஆற்றின் மீது லு வேர்த்ர் என்னுமிடத்தில் அவர் அமைத்த பாலத்தின் மூன்று வளைவுகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 72 மீற்றர் அகலமானவை, தட்டையானவை, மிகக் குறைந்த செலவில் ஆனவை. 1911ஆம் ஆண்டளவில் பாலம் போக்குவரத்திற்கு வந்த சில மாதங்களில் வளைவுகளின் உச்சி மெல்ல மெல்லத் தாழ்வதை அவர் கண்டார். அத்தாழ்வு சில அங்குலமளவிற்குச் சென்றது. அவர் எவர்க்கும் அறிவியாது, நம்பிக்கையான சில ஆட்களுடன் சென்று, வளைவின் உச்சியில் முன்னரே விட்டிருந்த இடைவெளிகளில் உயர்த்தும் பொறிகளை மீண்டும் பொருத்தி வளைவுகளைத் தூக்கி நிறுத்தினார். பாரத்தின்கீழ் கொங்கிறீற்று ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து சுருங்குகிறது என்ற அறிவு இவ்விரவு வேலையிலிருந்தே அவர்க்கு வாய்த்தது. பிற்காலத்தில் அவர் 1928இல் உரிமம் பெற்ற முன்தகைப்புக் கொங்கிறீற்று முறை இதன் வழிவந்தது. இன்று உலகின் பெரும் பாலங்கள் பலவற்றில் கையாளப்படும் ஒரு முறை, திறப்பு விழாவின் பின்னரும் தன் பாலத்தைப் பார்க்கச் சென்ற ஒருவரின் கவலையிலிருந்து பிறந்தது.

கம்பி பொதிந்த கொங்கிறீற்றுக்கு வேறொரு பகை உண்டு. சீமெந்தின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டாண்டாக உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கிறது; கடலருகே உப்பு அதனினும் விரைவாக உட்புகுந்து கேடு விளைக்கிறது. துருவேறிய கம்பி தன் பழைய பருமனைவிடப் பன்மடங்கு இடம் கேட்கிறது. அவ்விடத்தைக் கொங்கிறீற்று கொடுக்க மறுக்கவே வெடிக்கிறது. வெடிப்பு வழியே மேலும் நீர் இறங்குகிறது. முதல் வெடிப்பில் அகற்றிச் சுத்தஞ்செய்து பூசினால் வேலை சிறிது. கம்பி மெலிந்தபின் செய்யவேண்டியது பெரிது. சென்னையில் கூவம் கடலோடு கலக்குமிடத்தில் 1869இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலம் இரும்பாலானது. அதனிடத்தில் 1943இல் எழுந்தது வில்வடிவ வளைவுகள் கொண்ட கொங்கிறீற்றுப் பாலம். கூவத்தின் கழிவு கீழே, வங்கக் கடலின் உப்புக்காற்று மேலே. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதைவிடக் கம்பி பொதிந்த வளைவுக்குக் கடினமான இருப்பிடம் வேண்டுமென்று தேடினாலும் கிடைப்பது அரிது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் போட்டிக்காக அதன்மீது கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டபோது நாடே நோக்கியது. வளைவின் உட்புறக் கம்பியை அவ்வாறு நாடு நோக்குவதில்லை. சுவிற்சலாந்தில் மையாரின் சால்கினாத்தோபல் வளைவு (1930) 1990களில் பழுதுபார்க்கப்பட்டது. அப்பாலம் உலகப் புகழ் பெற்றிருந்தமையும் அதற்கு உதவியது என்பதை மறுக்கவியலாது. புகழற்ற பாலங்களின் கதி வேறு.

கொங்கிறீற்றின் உட்புறத்தை நூலறிவாலன்றிக் கண்ணால் கண்ட தலைமுறை எம்முடையது. கிளிநொச்சி நகரில் யுத்தத்தின்போது வீழ்ந்த பெரும் நீர்த்தாங்கி, யுத்தம் முடிந்தபின் பல ஆண்டுகள் கம்பிகள் பிதுங்கக் கிடந்தவாறே அறிவிப்புப் பலகையுடன் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து வந்தோர் அதன்முன் நின்று படம் எடுத்துச் சென்றனர். எதனை நினைவுச்சின்னமாக வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததென்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதனையும் உளங்கொண்டு வட்டுவாகலை நோக்குவோம். வட்டக்கச்சிக்கு வடக்கே செல்லும் பரந்தன் - முல்லைத்தீவு வீதி தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சென்று, நந்திக்கடல் கடலை நெருங்குமிடத்தில் வட்டுவாகற் பாலத்தால் முல்லைத்தீவை அடைகிறது. இது வளைவுப் பாலமன்று. தாழ்வான, ஒருவழி வாகனம் மட்டுமே செல்லக்கூடிய, அழகென்று சொல்லத்தக்க எதுவுமற்ற கொங்கிறீற்றுப் பாலம். உப்புநீர் அதன் கால்களை இடைவிடாது நனைத்தது. 2004இன் ஆழிப்பேரலையும் பின்னர் யுத்தமும் அதனைச் சிதைத்தன. 2009 மே மாதத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள், கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, இப்பாலத்தினூடாகவே வெளியேறினர். அங்கு படையினரிடம் சரணடைந்து பின் காணாமற்போனோரின் உறவினர் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்களால் வட்டுவாகல் என்ற ஊர்ப்பெயர் நீதிமன்றப் பதிவேடுகளிலும் ஏறியது. அதன்பின் பதினாறு ஆண்டுகள், வெள்ளம் மேவும் மாரிகளில் வீதி தடைப்பட, அப்பாலம் ஒட்டுவேலைகளுடனேயே இருந்தது. 2025 செப்ரெம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதிய பாலத்தின் வேலைகளைத் தொடக்கி வைத்தார்.

புதிய பாலம் வேண்டும் என்பதில் இருகருத்திற்கு இடமில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பிரிவின் ஊர்கள் நீரில் மூழ்கியதைக் கண்டவர் எவரும், ஒடுங்கிய கண்களையுடைய பழைய பாலங்கள் அப்படியே இருக்கட்டும் என்று வாதிடமாட்டார். நோயாளியை ஏற்றிவரும் வண்டி எதிர்வரும் வாகனத்திற்காகக் காத்து நிற்பதை வரலாற்றுணர்வு என்று கூறுதல் கொடுமை. ஆயினும் பழைய பாலத்தின் கொங்கிறீற்றும் ஓர் ஆவணமே. அதன் நீளம், கண்களின் எண்ணிக்கை, கம்பியின் பருமன், பழுதுபார்த்த இடங்களின் சீமெந்து நிற வேறுபாடு, குண்டுச்சிதறல் பட்ட தழும்புகள் என்பன அளக்கப்படாமல், படமெடுக்கப்படாமல் போனால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது தெமோதரையிற் போல ஒரு கதையும் அதை மறுக்கும் ஓர் அறிக்கையுமே. அறிக்கையை எழுதப்போவோர் யார் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பராமரிப்புப் பதிவேடுகளைப் பார்வையிட அனுமதி கோரலாம். பொறியியல் பீட மாணவரொருவர் அளக்க, கலைப்பீட மாணவரொருவர் ஊரவரிடம் கேட்டு எழுதலாம். ஓவர்சியருக்குக் கீழ் தார் காய்ச்சிய, சீமெந்து குழைத்த முதியோர் பலர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். இரணைமடு வாய்க்கால்களின் மதகுகளில் ஆண்டு பொறித்த கற்கள் இருக்குமாயின் அவற்றைப் படியெடுக்கலாம். வட்டுவாகலிலோ, பழைய பாலத்தின் ஒரு கண்ணை, கரையோடு சேர்ந்த ஒரே ஒரு கண்ணை, இடியாது விட்டுவைக்கும்படி மாவட்டச் செயலகத்தைக் கேட்கலாம். அதற்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை வெடிப்பில் முளைக்கும் கன்றைப் பிடுங்க ஓர் ஆள் போதும்.